மலிவான தீவைத் தேடுகிறீர்களா? முதலில் படகைப் பாருங்கள்

(திரையில்: நீலக் கடல். தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் ஓலைக் குடில்.)

இந்தப் படத்தைப் பார்த்ததும் "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று வீடியோவை மூடப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் இருங்கள். தண்ணீருக்கு மேல் கட்டிய இந்தக் குடில் எப்படி வந்தது தெரியுமா? 1967இல், பிரெஞ்சு பாலினேசியாவின் ராயாத்தேயா தீவில் விடுதி நடத்திய மூன்று அமெரிக்கர்கள், தங்கள் பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி மணற்கரை இல்லையே என்று குடிலைக் கொண்டுபோய்க் கடல்மேல் வைத்தார்கள். கரை இல்லாத குறையைச் சமாளிக்கச் செய்த வேலை! இன்றைக்கு அதுதான் வெப்பமண்டலத் தீவுகளில் விலை உயர்ந்த அறைகளில் ஒன்று. அதனால் குடிலை விடுங்கள். நமக்கு வேண்டியது வெதுவெதுப்பான கடல், மணல், நிழலுக்கு ஒரு தென்னை, கையைக் கடிக்காத செலவு. இது கிடைக்கும். ஆனால் அறை வாடகையை மட்டும் பார்த்துத் தேடினால் கிடைக்காது.

நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். வாடகை பாதிக்குப் பாதி குறைவாக இருக்கிறதே என்று ஒரு குட்டித் தீவில் அறை எடுத்துவிட்டு, விமானம் இறங்கி, வண்டி பிடித்து, படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் படகு கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தனிப் படகுக்காரர் கேட்ட தொகை நான் மூன்று நாள் அறைக்குக் கட்டியதைவிட அதிகம். பேரம் பேசலாம்தான், ஆனால் இருட்டிக்கொண்டு வருகிறது, கையில் பெட்டி, எதிரே கடல், யாருக்கு அவசரம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கொடுத்துவிட்டு ஏறினேன். அன்றிலிருந்து எந்தத் தீவானாலும் நான் முதலில் பார்ப்பது, அந்த ஊர்க்காரர்கள் எதில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள் என்பதைத்தான்.

(திரையில்: காய்கறி மூட்டை, ஸ்கூட்டர், பள்ளிப் பிள்ளைகளோடு கிளம்பும் ஒரு பெரிய படகு.)

இந்த மாதிரிப் படகு ஒரு தீவுக்குப் போகிறது என்றால் அங்கே சாதாரண மனிதர்கள் வாழ்கிறார்கள், சந்தை இருக்கிறது, அவர்கள் கட்டக்கூடிய விலையில் சாப்பாடு இருக்கிறது. அந்த விலைதான் நமக்கும் அடித்தளம். சுற்றுலாப் பயணிக்கு என்று தனியாக ஓடும் படகு மட்டும்தான் உண்டு என்றால், தண்ணீர் பாட்டிலிலிருந்து எல்லாமே பயணிக்கு என்று வைத்த விலையாகத்தான் இருக்கும்.

தாய்லாந்தின் கோ சாமுயியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் விமான நிலையம் அரசு கட்டியதல்ல, ஒரு தனியார் விமான நிறுவனம் கட்டி 1989இல் திறந்தது. அதனால் நேராகத் தீவில் இறங்கும் டிக்கெட் பெரும்பாலும் விலை கூடுதலாகவே இருக்கும். அதே ஆள் பாங்காக்கிலிருந்து இரவு ரயில் ஏறிச் சூரத் தானியில் இறங்கி, பஸ்ஸில் டோன்சாக் துறைக்கு வந்து, ஒன்றரை மணி நேரம் பெரிய படகில் போனால் அதே கடற்கரையில்தான் போய் நிற்பார். அரை நாள் கூடுதலாகப் போகும், உண்மை. நான்கு நாள் விடுமுறையில் அரை நாள் பெரிய விஷயம், பத்து நாள் விடுமுறையில் ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கை அவரவர்தான் போட வேண்டும்.

சரி, மாலத்தீவு. மலிவு என்று பேசும் வீடியோவில் இந்தப் பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கிட்டத்தட்ட 1,200 தீவுகள், அதில் மக்கள் வாழ்வது 200க்கும் குறைவு. பல வருஷம் அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற ஏற்பாடுதான், ஊர்த் தீவுகளில் வெளிநாட்டுப் பயணி தங்க வழியில்லை. 2009 வாக்கில் சட்டம் மாறி, ஊர்க்காரர்களே விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்று ஆன பிறகுதான் மாஃபுஷி மாதிரி இடங்கள் வளர்ந்தன. தலைநகர் மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு ஊர்ப் படகில் ஒன்றரை மணி நேரம். வேகப் படகும் இருக்கிறது, அதுகூட ரிசார்ட்டுக்கு அழைத்துப்போகும் கடல் விமானத்தோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. அதே கடல், அதே பவளப்பாறை, ஆமை இரண்டு பக்கமும் நீந்துகிறது, செலவு மட்டும் வேறு உலகம்.

ஆனால் ஊர்த் தீவு என்றால் ஊர் வழக்கமும் சேர்ந்துதான் வரும். அங்கே மது கிடையாது, நீச்சல் உடையில் தெருவில் நடக்க முடியாது, அதற்கென்று பிரித்து வைத்த தனிக் கடற்கரை உண்டு. வெள்ளிக்கிழமை ஊர்ப் படகு பெரும்பாலும் ஓடாது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் தொந்தரவு என்று தோன்றினால் மாலத்தீவை விட்டுவிடலாம், தப்பே இல்லை. ரிசார்ட்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் தாமதமாக வந்து இறங்கினால் அன்று இரவு மாலே பக்கம் ஒரு அறைக்குத் தனியாகக் கட்ட வேண்டி வரும். மலிவாகக் கிடைத்த விமான டிக்கெட் அங்கேயே தன் மலிவை இழந்துவிடும்.

(திரையில்: இடது பக்கம் மணல் திட்டு, வலது பக்கம் மலையும் வயலும் உள்ள பெரிய தீவு.)

அடுத்து சாப்பாடு. இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் ஒரு வாரத்தில் அறைக்கு இணையாக விழுங்குவது இதுதான். பவளத்தில் உருவான சின்ன மணல் தீவில் மீனும் தேங்காயும் கிடைக்கும். அரிசி, கோழி, தக்காளி, டீசல் எல்லாம் படகில் வர வேண்டும், குடிநீரைக்கூடப் பல இடங்களில் கடல்நீரிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள். வளமான மண்ணும் மலையும் ஆறும் உள்ள பெரிய தீவில் நெல் அங்கேயே விளைகிறது. இந்தோனேசியாவின் லொம்போக் தீவை வரைபடத்தில் பாருங்கள், 3,726 மீட்டர் உயரத்துக்கு ரிஞ்சானி எரிமலை, அதைச் சுற்றி வயல், தெற்கே வரிசையாக வளைகுடாக்கள். பாலி, இலங்கை, பிலிப்பைன்ஸின் போஹோல் எல்லாமே இந்த வகை. வியாபாரம் பயணிகளைச் சார்ந்திருந்தாலும் சமையல்கட்டு அவர்களைச் சார்ந்தில்லை. அதனால் என் சொந்தக் கருத்து: பணம் குறைவு என்றால் பெரிய தீவில் தங்குங்கள், குட்டித் தீவுக்கு ஒரு பகல் மட்டும் போய்வாருங்கள். லொம்போக்கில் தங்கினால் பாங்சால் துறையிலிருந்து ஊர்ப் படகில் பக்கத்தில் உள்ள கிலி என்ற மூன்று குட்டித் தீவுகளுக்குப் போகலாம், ஆள் நிரம்பியதும் கிளம்பிவிடும். மூன்று கிலியிலும் பெட்ரோல் வண்டியே இல்லை, பெரும்பாலும் சைக்கிளும் குதிரை வண்டியும்தான். பாலியிலிருந்து வேகப் படகில் நேராகப் போகிறவர்கள் இதற்குப் பல மடங்கு கொடுக்கிறார்கள்.

இலங்கையில் இன்னொரு வசதி, கடற்கரைக்கு ரயிலே போகிறது. கொழும்பிலிருந்து காலி போகும் பாதை பல இடங்களில் அலையை ஒட்டியே ஓடும், ஹிக்கடுவையில் இறங்கினால் நடந்தே மணலுக்குப் போய்விடலாம்.

இப்போது மழைக்கால விஷயம். சீசன் இல்லாத நேரத்தில் போனால் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். அரை உண்மை. சில இடங்களில் மழை என்றால் மதியம் இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் வரும், சில இடங்களில் மழை என்றால் படகே ஓடாது, விடுதி பூட்டு. மலேசியாவின் கிழக்குக் கரையில் உள்ள பெர்ஹென்டியான், ரெடாங் தீவுகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் ஏறக்குறைய மூடியே கிடக்கும். அதே மாதங்களில் மேற்குக் கரையின் லங்காவியில் நல்ல வெயில். தாய்லாந்திலும் இதே கதைதான்: மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடல் பக்கம், அதாவது புக்கெட், கிராபி, கோ லந்தா நனையும். தாய்லாந்து வளைகுடா பக்கம் உள்ள சாமுயிக்கும் கோ பங்கானுக்கும் பெருமழை அக்டோபருக்குப் பிறகு டிசம்பர் வரை. ஆகஸ்டில் விடுமுறை கிடைத்தவர் புக்கெட்டில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் வளைகுடா பக்கம் போகலாம். இலங்கையிலும் டிசம்பர் முதல் மார்ச் வரை தென்மேற்குக் கரை, மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பே என்று கிழக்குக் கரை. ஆக, நாடு பார்த்துத் தேடாதீர்கள், கரை பார்த்துத் தேடுங்கள்.

கோ பங்கானைச் சொன்னதால் ஒரு குறிப்பு. பௌர்ணமி கொண்டாட்டம் அங்கே பெயர் பெற்றது, அந்த நாட்களில் அறை விலை எகிறும். காலண்டரில் நிலாவைப் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்!

புயலும் ஒரு கணக்கு. அட்லாண்டிக்கில் அதிகாரப்பூர்வப் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பரில். அப்போது கரீபியன் விலை சரிந்திருக்கும், காரணம் இதுதான். அதே மாதத்தில் அந்தக் கடலில்தான் இருந்தாக வேண்டும் என்றால் தெற்கே, வெனிசுலா கரைக்கு அருகில் உள்ள அருபா, பொனேர், குராசாவ் மூன்றும் பெரும்பாலும் புயல் பாதைக்கு வெளியே இருக்கின்றன. இன்னொன்று, பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பு விசை நிலநடுக்கோட்டை ஒட்டி மிகவும் குறைவு, அதனால் அந்தக் கோட்டிலிருந்து 5 டிகிரி அட்சரேகைக்குள் புயல் உருவாவது அபூர்வம். இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ் நாட்டின் முக்கியத் தீவுகள் அமைதியாக இருப்பதற்கு அது ஒரு காரணம். மலிவு என்று சீஷெல்ஸைச் சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே பெரிய தீவான மாஹேயிலிருந்து படகில் போய் லா டீக் தீவில் சின்ன விருந்தினர் இல்லத்தில் தங்கி, சைக்கிளில் சுற்றினால் ரிசார்ட் செலவில் ஒரு பங்குதான் ஆகும்.

(திரையில்: கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சான்சிபார் தீவு. காலையில் நீலக் கடல், மதியம் அதே இடத்தில் ஈர மணல்.)

இந்த இரண்டு படமும் ஒரே விடுதியின் முன்னால் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சான்சிபாரின் கிழக்குக் கரையில் வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும், நீந்த வேண்டுமானால் முதலில் நீண்ட நடை நடக்க வேண்டும். பாஜே பக்கம் அந்த நேரத்தில் பெண்கள் கடற்பாசி வளர்க்கும் பாத்திகளில் வேலை செய்வதைப் பார்க்கலாம், அது அழகுதான். ஆனால் நாள் முழுக்க நீந்தத்தான் வந்தேன் என்பவர் வடக்கு முனையில் நுங்வி, கெண்ட்வா பக்கம் தங்குவது நல்லது, அங்கே இந்த வற்றல் அவ்வளவு தெரியாது. விளம்பரப் படம் எப்போதும் கடல் ஏறி நிற்கும்போதுதான் எடுக்கப்படும்.

வரிக்கு வருவோம், சுருக்கமாக. அறை விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். மாலத்தீவில் 2025 ஜனவரியிலிருந்து பசுமை வரி ஆளுக்கு ஒரு இரவுக்கு ரிசார்ட்டில் 12 டாலர், சின்ன விருந்தினர் இல்லத்தில் 6 டாலர். பாலியில் 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு 1,50,000 ரூபியா. சான்சிபாரில் 2024 அக்டோபரிலிருந்து 44 டாலருக்கு அங்கத்திய காப்பீட்டை எடுத்தே ஆக வேண்டும், நீங்கள் வேறு காப்பீடு வைத்திருந்தாலும். வியட்நாமின் ஃபு குவோக் இதற்கு நேர் எதிர், நேராகத் தீவுக்கு மட்டும் வருகிறவர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே வானிலையும் நன்றாக இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு என் வாதத்துக்கே எதிராக ஒன்று. சின்னப் பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு ஊர்ப் படகும் பஸ்ஸும் எப்போதும் சரிவராது. டொமினிகன் குடியரசின் புன்டா கானா மாதிரி இடங்களில் சாப்பாடு, பானம், நீச்சல் குளம் எல்லாம் ஒரே விலைக்குள் வருகிற விடுதிகள் ஏராளம், போட்டியும் அதிகம். நான்கு பேர் மூன்று வேளை சாப்பிடும் கணக்கைப் போட்டால் அதுவே மலிவாக முடிவதுண்டு. ஊரைப் பார்த்த மாதிரி இருக்காது, அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்கூட்டர். தீவில் வாடகைக்கு எடுப்பது மலிவு, பலரும் உரிமத்தைக் கேட்பதுகூட இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம் உங்களிடம் இல்லையென்றால், விழுந்த பிறகு பயணக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். காப்பீட்டுத் தாளில் அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிட்டு ஏறுங்கள்.

கிளம்பும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குட்டித் தீவிலிருந்து காலைப் படகு, மதியம் விமானம் என்று திட்டம் போடாதீர்கள். அலை கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் உங்களுக்காக நிற்காது. கடைசி இரவுக்கு விமான நிலையம் இருக்கும் பக்கமே ஒரு சாதாரண அறை எடுத்துக்கொள்ளுங்கள், முந்தின நாளே கடலைக் கடந்துவிடுங்கள். கையில் அந்த ஊர்ப் பணம் கொஞ்சம் நோட்டாக இருக்கட்டும், ஏனென்றால் துறையில் டிக்கெட் கிழிக்கிறவரிடம் கார்டு தேய்க்கும் இயந்திரம் இருக்காது.