கூட்டம் கலையுமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்

(தண்டையார்பேட்டைப் பக்கம் குடியிருப்போர் சங்கத்தினர் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் வந்த தடுமாற்றங்களை மட்டும் வெட்டி எழுதியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, நாற்காலி போதாமல் பின்னால் நிற்கும் தம்பிகளே, வணக்கம்.

கூட்டம் நடத்தும் விதிகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "ஷாமியானா, மைக் செட், டீ. இதுல விதி எங்கண்ணே வருது?" என்றார். வடசென்னைக்காரர்களுக்குக் கூட்டம் புதிதில்லைதான். கேட் மீட்டிங்கும் தெருமுனைக் கூட்டமும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பெரம்பூர் மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி. வாடியா என்பவர் தலைவர், திரு.வி.க. முன்னணியில் நின்றவர். இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான் என்பார்கள். அப்போதிருந்தே முன்மொழிவது, வழிமொழிவது, கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை பார்ப்பது, மினிட்ஸ் என்கிற நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது எல்லாம் இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு அத்துப்படி. ஆனால் அதே மனிதர்கள் மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போனால் மனு கொடுக்க வந்தவர்களைப் போல ஓரமாக நிற்கிறார்கள். அந்த ஓரத்திலிருந்து உள்ளே வருவதற்கு விதி தெரிய வேண்டும்.

உத்திரமேரூர் குடவோலை என்று ஆரம்பித்துவிடுவேனோ என்று பயப்படாதீர்கள். அது தேர்தல் கதை, எல்லா மேடையிலும் சொல்லித் தேய்ந்துவிட்டது. கூட்டம் நடத்துவதற்கு விதி சொல்லும் கல்வெட்டு வேறு ஒன்று இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் மானூரில், கி.பி. 800-ஐ ஒட்டிய காலத்தது, மாறஞ்சடையன் என்ற பாண்டியன் ஆட்சியில் வெட்டியது. சபையில் கொண்டுவரும் ஒவ்வொரு யோசனைக்கும் வேண்டுமென்றே "கூடாது, கூடாது" என்று சொல்லி முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு தண்டம். அவருக்கு ஒத்து ஊதுகிறவருக்கும் அதே தண்டம். எங்கள் சங்கத்தில் இந்த விதி இருந்திருந்தால் வசூலான தொகையில் மாடிக் கட்டடமே எழுப்பியிருப்போம். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்பே கூட்டத்தைக் குலைக்கும் ஆளை எப்படிக் கையாள்வது என்று கல்லில் எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், இது நம் காலத்துத் தொல்லை மட்டும் இல்லை என்று தெரிகிறது.

சரி, எந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் நடப்பது மாமன்றக் கூட்டம். திருக்குறள் வாசிப்பார்கள், கேள்வி நேரம் இருக்கும், மேயர் தலைமை தாங்குவார். அங்கே பேசும் உரிமை கவுன்சிலருக்கு மட்டுமே. மண்டல அலுவலகத்தில் நடப்பது மண்டலக் குழு. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் போன்ற நம் பக்கத்து மண்டலங்களுக்குத் தனித்தனியாக உண்டு. அங்கேயும் பேசுவது கவுன்சிலர்கள்தான். நாம் பேசுவதற்கென்று இருப்பது பகுதி சபை. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அழைப்பிதழ் வந்தால்தான் போக வேண்டும் என்பதில்லை.

இது எப்போது வந்தது? நகர உள்ளாட்சிகளைப் பற்றிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் அமலுக்கு வந்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் இருக்கும் நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அதன் 243-எஸ் பிரிவு சொன்னது. கிராமத்துக்குக் கிராம சபை கிடைத்தது. நகரத்துக்கு அப்படி எதுவும் வரவில்லை. நடுவில் 2016 முதல் 2022 வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 2022-ல் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகளை அரசு கொண்டுவந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி முதல் பகுதி சபைகளைக் கூட்டினார்கள். சென்னையின் 200 வார்டும் வார்டுக்குப் பத்துப் பகுதியாகப் பிரிந்தது. மாநகராட்சி தொடங்கியது 1688-ல். வாக்காளர் எழுந்து நின்று பேச ஒரு சபை கிடைத்தது 2022-ல். இந்தத் தாமதத்தை மறந்துவிட்டுச் சபையைக் குறை சொல்லக் கூடாது, அதே சமயம் கிடைத்ததே போதும் என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடவும் கூடாது. பகுதிப் பிரதிநிதியை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது வேறு பேச்சு.

நான் போயிருந்த ஒரு பகுதி சபையைச் சொல்கிறேன். எந்த வார்டு என்று கேட்காதீர்கள். முன்வரிசை முழுக்கக் கரை வேட்டி. நடுவில் நாலைந்து அலுவலர்கள். பெண்கள் எல்லோரும் கடைசி இரண்டு வரிசையில். மைக் மேடையில், வயர் நீளம் நாலு அடி. வரவேற்புரை, பொன்னாடை, நன்றியறிதல் என்று பாதி நேரம் போய்விட்டது. பிறகு ஒரு அம்மா எழுந்தார். மைக் அவர் வரைக்கும் வராததால் கத்தித்தான் பேசினார். "எங்க தெருவுல மூணு வாரமா தண்ணி சாக்கடை நாத்தம் அடிக்குதுங்க. காலையில மொத அரை மணி நேரம் கறுப்பாத்தான் வருது. ரெண்டு வாட்டி எழுதிக் கொடுத்தாச்சு, ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல" என்றார். கைத்தட்டல் கிடைத்தது. குறிப்பெழுதியவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் எழுதியது இது: "குடிநீர் தொடர்பாக விவாதிக்கப்பட்டது."

நான் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் சங்கத்து மினிட்ஸ் புத்தகம் என் கையில்தான் இருந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். அந்த ஒரு வரியோடு அந்த அம்மாவின் பேச்சு முடிந்துபோனது. எந்தத் தெரு என்று அதில் இல்லை. எத்தனை நாளாக என்று இல்லை. முன்பே புகார் கொடுத்தது இல்லை. யார் வந்து பார்ப்பது என்பதும் இல்லை. அடுத்த கூட்டத்தில் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எழுதியிருக்க வேண்டியது இப்படி: "இன்ன தெருவில் மூன்று வாரமாகக் குடிநீரில் கழிவுநீர் கலந்து வருவதாக உறுப்பினர் கூறினார். இரண்டு முறை எழுத்தில் புகார் தரப்பட்டுள்ளது. குழாயைச் சோதிக்கும் பொறுப்பை உதவிப் பொறியாளர் ஏற்றார். அடுத்த கூட்டத்தில் விவரம் தெரிவிக்கப்படும்." எழுத இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த அம்மாவுக்கு அந்த வரி தெரியாது. யாரும் வாசித்துக் காட்டவில்லை. நன்றியுரை, தேசிய கீதம், டீ.

வாசித்துக் காட்டுவதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நன்றாகத் தெரியும். அனல்மின் நிலையம், துறைமுகம் போன்ற பெரிய திட்டம் வந்தால் 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடத்துவது அது. அந்த அறிவிக்கையில் கூட்டம் நடத்தும் முறையை விலாவாரியாகப் போட்டிருக்கிறார்கள். முப்பது நாள் முன்னறிவிப்பு. தேசிய நாளிதழ் ஒன்றில் போட்டால் மட்டும் போதாது, வட்டார மொழிப் பத்திரிகையிலும் விளம்பரம் வர வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் அனுப்பும் கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை. முழுவதும் வீடியோ பதிவு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கூட்டத்தில் வந்த கருத்துகளின் சுருக்கத்தைக் கடைசியில் கூடியிருப்பவர்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். ஒத்துக்கொண்ட அந்தக் குறிப்பில் தலைமை வகித்தவர் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். இத்தனையும் எழுத்தில் இருந்தும் அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டாம். ஆனாலும் வாசித்துக் காட்டும் அந்த வழக்கத்தைப் பகுதி சபைக்கும் கொண்டுவந்துவிட்டால் மற்ற விதிகளில் பாதி தானாக வந்துவிடும் என்று நினைக்கிறேன். தன் பேச்சு எப்படி எழுதப்படுகிறது என்று கேட்கப் போகிறோம் என்று தெரிந்தால் பேசுகிறவர் சுருக்கமாகப் பேசுவார். எழுதுகிறவரும் ஒழுங்காக எழுதுவார். கலைந்து போகிற கூட்டமும் கடைசி வரை உட்காரும்.

இனி, யார் எவ்வளவு நேரம் பேசுவது? இதில் உலகமெங்கும் ஒரே தகராறுதான். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட்டை 1863-ல் நியூ பெட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் கையை மீறிப் போய்விட்டது. அந்த அவமானத்தில் மனிதர் கூட்ட விதிகளையெல்லாம் தேடித் தொகுத்து 1876-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று: பேச விரும்புகிறவர் இன்னும் ஒருவர் மீதி இருக்கும்வரை, அதே விஷயத்தில் ஏற்கெனவே பேசியவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. இன்னொன்று, பேச்சு எப்போதும் தலைவரை நோக்கித்தான், எதிரே இருக்கிறவரை நோக்கி இல்லை. "யோவ், நீ என்னய்யா சொல்ற" என்று ஆரம்பிக்கும் சண்டையில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடும்.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் நாற்பது பேர் பேசலாம். பொன்னாடைக்கு ஒரு மணி நேரம் போனால் இருபது பேர்தான். நுழையும்போதே சீட்டில் பெயரையும் தெருவையும் எழுதி வாங்கி, வந்த வரிசையில் கூப்பிடலாம். கட்சிக்காரர் ஒருவர், கட்சி சாராதவர் ஒருவர் என்று மாற்றி மாற்றிக் கூப்பிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நம் ஊரில் யார் கட்சி சாராதவர் என்று கண்டுபிடிக்கவே தனிக் கூட்டம் போட வேண்டும். சீட்டு வரிசையே போதும். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும். மைக் மட்டும் கையில் பிடிக்கும் மைக்காக, வயர் இல்லாததாக இருக்கட்டும். பேசுகிறவரிடம் மைக் போக வேண்டும்.

கூட்டத்துக்கு வைக்கும் நேரமும் விதிதான். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போய் வந்தவர் பகல் பதினோரு மணிக்குத் தூங்குவார். மணலி கம்பெனிக்கு ஷிப்டு போகிறவர் வர முடியாது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் வர முடியாது. அந்த நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, மக்களுக்கு ஆர்வமே இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

அப்புறம் துறை. பகுதி சபையில் வரும் புகாரில் பாதி மாநகராட்சியுடையது இல்லை. குடிநீரும் கழிவுநீரும் 1978-லிருந்து தனி வாரியம். கம்பி அறுந்து தொங்கினால் மின்வாரியம். புகை, நாற்றம் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தெருவிளக்கும் குப்பையும் மழைநீர் வடிகாலும்தான் மாநகராட்சி. அதனால் கூட்டம் தொடங்கும்போதே எந்தத் துறையிலிருந்து யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை என்பதை மைக்கில் சொல்லிவிட வேண்டும். வராத துறையின் பெயரும் குறிப்பில் ஏற வேண்டும். "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்ற பதிலோடு எந்தப் புகாரும் முடியக் கூடாது. யாருடைய துறை, அவர்களுக்கு யார் எழுதுவது என்பது வரைக்கும் போக வேண்டும்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். வாசலிலேயே ஒரு நோட்டை நீட்டுவார்கள், நாமும் போட்டுவிட்டு உள்ளே போவோம். வருகைக்காக என்று போட்ட கையெழுத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மேலே காலியாக விட்டு, கீழே கையெழுத்து வாங்கும் பக்கமாக இருந்தால் போடாதீர்கள். பிறகு அந்தக் காலி இடத்தில் எந்தத் தீர்மானம் ஏறினாலும் நீங்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். கலிபோர்னியாவில் உள்ளாட்சிக் கூட்டங்களுக்கென்றே 1953-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பொருள் நிரலை, அதாவது என்னென்ன பேசப் போகிறார்கள் என்ற பட்டியலை, எழுபத்திரண்டு மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், கூட்டத்துக்கு வருவதற்குப் பெயர் எழுதியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. நமக்கு அந்தச் சட்டம் இல்லை. தேதியும் பெயரும் மேலே எழுதிய வருகைப் பக்கம் தனியாக, தீர்மானப் பக்கம் தனியாக இருக்கட்டும் என்று கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை.

இவ்வளவும் சொன்னேன், கூட்டத்தில் யாரும் வாசிக்கவில்லை, கேட்டும் வாசிக்கவில்லை என்றால்? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. எந்தெந்தக் குழுக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாம், அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா என்பதை அலுவலகங்கள் தாங்களாகவே வெளியிட வேண்டும் என்று அதன் 4-வது பிரிவே சொல்கிறது. வெளியிடவில்லை என்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு. இன்ன வார்டு, இன்ன பகுதி, இன்ன தேதியில் நடந்த பகுதி சபையின் நடவடிக்கைக் குறிப்பு நகல் வேண்டும் என்று எழுதினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்த மனுவிலேயே வருகைப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கையெழுத்தும் தீர்மானமும் ஒரே தாளில் இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும்.