தண்ணீர்க் கோயில் வைத்திருந்த கணக்கு

பெரியோர்களே, நண்பர்களே,

அமைப்புச் சிந்தனை, தகவலின் தத்துவம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். நான் நெல்வயலிலிருந்து தொடங்குகிறேன். இந்தோனேசியாவின் பாலித் தீவு. மலைச்சரிவில் படிப்படியாக வயல்கள். ஒரு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் உழவர்களின் சங்கத்துக்கு அங்கே சுபக் என்று பெயர். எப்போது நடுவது, எப்போது வயலைச் சும்மா போடுவது என்பதைத் தண்ணீர்க் கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. குறுகிய கால ரகம், உரம், பூச்சிமருந்து. கோயில் முறை பார்க்காமல் முடிந்தமட்டும் அடிக்கடி நடுங்கள் என்றார்கள் அரசு அதிகாரிகள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் கோயிலில் நடப்பது வெறும் பூசை என்று நினைத்துவிட்டார்கள். சில வருடங்களில் தண்ணீர்த் தகராறு, கூடவே புகையான் என்ற பூச்சி. அது தாக்கிய வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தூரின் அடியில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சிவிடும், நெருப்பு வைத்ததுபோல வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து கிடக்கும்.

ஒரு வட்டாரமே ஒன்றாக அறுத்து, வயலில் தண்ணீர் கட்டிச் சும்மா போட்டால் பூச்சிக்கு இரை இல்லை. ஆளுக்கொரு நாளில் நட்டால் வயல் விட்டு வயல் தாவிப் பிழைத்துக்கொள்ளும். சரி, தீவு முழுக்க ஒரே நாளில் நடலாமே? தண்ணீர் பற்றாது. மேல்மடைக்காரர் தண்ணீரை மறித்துக்கொண்டால் கடைமடையில் பருவம் தவறும். அங்கே பெருகிய பூச்சி அவர் வயலுக்கே ஏறிவரும். இந்தக் கணக்கைத்தான் கோயில் வைத்திருந்தது. பாசனப் பொறியாளரும் பூச்சியியலாளரும் தனித்தனியே பார்த்தால் இது கண்ணில் படாது.

மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் சேர்ந்து 172 சுபக்குகளைக் கணினியில் மாதிரியாக அமைத்தார்கள். 1993இல் முடிவை வெளியிட்டார்கள். விதி ஒன்றுதான்: பக்கத்துச் சுபக் அதிகம் அறுத்தால், அதன் பருவத்தை நீயும் பின்பற்று. தாறுமாறாகத் தொடங்கிய நடவு, கொஞ்ச காலத்திலேயே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தது. வந்து நின்ற வரைபடம், உண்மையான கோயில்களின் வலைப்பின்னலைப் பெரிதும் ஒத்திருந்தது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

1930களில் இதே பாலியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கிரெகரி பேட்சன், ஒரு மாற்றத்தை உண்டாக்கும் வேறுபாடுதான் தகவல் என்று பின்னாளில் விளக்கினார். பக்கத்துக் களத்தில் இரண்டு மூட்டை கூடுதலாக இருக்கிறது. அது வேறுபாடு. அதைப் பார்த்துவிட்டு வந்தவர், அடுத்த பருவம் நாற்றங்காலைப் பத்து நாள் தள்ளி விடுகிறார். அந்த இரண்டு மூட்டை தகவலாவது அப்போதுதான்.