கொடைக்கு மூன்று மாதம் முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். இருபத்தைந்து வருஷம் காக்கி போட்டு, அதில் பாதிக்கு மேல் இந்தத் திருநெல்வேலிச் சீமையிலேயே கழித்தவன் நான். போலீஸ்காரருக்கு எப்படிப்பட்ட பயிற்சி வேண்டும் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி, முதலில் நான் கோட்டைவிட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

உதவி ஆய்வாளராகச் சேர்ந்த புதிது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அம்மன் கோவில் கொடை, அதாவது திருவிழா. அமைதிக் கூட்டத்தில் இரண்டு தெருப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதை நம்பி, செவ்வாய்க்கிழமை ஒரு வேன் ஆட்களோடு பந்தோபஸ்துக்குப் போய் இறங்கினேன். வில்லுப்பாட்டு முடிந்து சாமக்கொடை தொடங்கும் நேரத்தில் கல் பறந்து வந்தது. ஏட்டையா ஒருவருக்கு மண்டை உடைந்தது. காரணம், வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒரு குழாய் ரேடியோ, அதாவது கூம்பு ஒலிபெருக்கி. அதைக் கீழத்தெருவைப் பார்த்து வேண்டுமென்றே திருப்பி வைத்திருந்தார்கள். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும், எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் பேச்சைக் கல்லெறிந்த பையன்கள் கேட்பதே இல்லை என்பதும் தெரியாது. மறுநாள் விசாரிக்கப் போனபோது ஓர் ஆச்சி சொன்னார்: "எய்யா, கொடைக்கு மட்டும் வந்தா எங்க சங்கதி ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

கவாத்து, சட்டப் பிரிவுகள், துப்பாக்கி சுடுதல் எல்லாம் பயிற்சியில் நன்றாகவே சொல்லித் தந்தார்கள். ஒரு தெருவில் சும்மா நிற்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த கொடைக்கு மூன்று மாதம் முன்னாலிருந்தே வாரம் ஒரு நாள் போனேன், ஜீப் இல்லாமல். முதலில் நான் உட்கார்ந்ததும் டீக்கடை பெஞ்சு காலியாகும். குறை சொல்ல முடியாது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் வந்த ஊர்வலத்தில் தடியடி நடந்து, தாமிரபரணியில் 17 பேர் செத்த சீமை இது. நாலைந்து வாரம் கழித்துத்தான் ஓர் அண்ணாச்சி பேச்சுக் கொடுத்தார். அப்புறம் கோவில் வரி யார் பிரிக்கிறார், முளைப்பாரி எந்தத் தெரு வழியாக வரும், எந்தப் பையன் சொன்னால் மற்றவன் கேட்பான், எல்லாம் அந்த பெஞ்சிலேயே கிடைத்தது. குழாயைத் திருப்பிக் கட்ட ஓர் ஏணியும் பத்து நிமிஷமும் போதுமாயிருந்தது.

ஊர்மக்களைச் சேர்த்துக்கொள்வது புது யோசனை இல்லை. 1993ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் போலீஸுக்கு உதவும் பொதுமக்களைச் சேர்த்து 'பிரண்ட்ஸ் ஆப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். மாநிலம் முழுக்கப் பரவிய அதை, 2020ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு அந்த அமைப்பினர் மேலும் எழுந்த எதிர்ப்பில் அரசு நிறுத்தியது. என்னைக் கேட்டால், ஊர்க்காரரிடம் சேதி கேட்கலாம், கையில் கம்பைக் கொடுக்கக் கூடாது.

கைது செய்தால் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரீட்சையில் கேட்டால் எல்லோரும் எழுதுவார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேலதிகாரியிடமிருந்து போன் வந்து, "விடியறதுக்குள்ள ஒத்துக்கணும்" என்றால் என்ன செய்வது? அதனால்தான் காவலரைவிட அதிகாரிக்குப் பயிற்சி அவசரம் என்கிறேன். காலை ரோல் காலில் இன்ஸ்பெக்டர் "நேத்து எத்தனை கேஸ்?" என்று கேட்டால், ஹெல்மெட் கேஸாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். "நேத்து யார்கூடப் பேசின?" என்று கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்டுப் பார்த்தேன். நடைமுறைப் பயிற்சிக்கு வந்த இளங்காவலர்களைத் தெருவுக்கு ஒருவராக அனுப்பி, நோட்டு இல்லாமல் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரச் சொன்னேன். பெரும்பாலோர் பைக் நம்பரோடு வந்தார்கள். ஒரு பையன் மட்டும், "சார், நாலு நாளாத் தண்ணி வரல. குடத்தை வரிசையில வைக்கிறதுல ரெண்டு வீட்டுக்கும் முறைப்பா இருக்கு" என்றான். தண்ணீர் திறந்துவிடுபவரைத் தேடிப் போய்ப் பேசச் சொல்லி அவனையே அனுப்பினேன். வியாழக்கிழமை தண்ணீர் வந்தது.