குண்டெலியும் குளுக்கோமீட்டரும்

நேயர்களுக்கு வணக்கம்.

ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் வட்ட வட்டமாக மிதப்பதைத் தினமும் பார்க்கிறோம். கரண்டியால் எவ்வளவு கலக்கினாலும் சற்று நேரத்தில் மேலே வந்துவிடும். உயிரணுவுக்குள்ளும் இதே சிக்கல்தான். உள்ளே பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு உடைந்து கிடைக்கும் கொழுப்பமிலம் அதில் எளிதில் கரையாது. தனியாக மிகுந்துவிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சோப்பு என்பதே கொழுப்பமிலத்தின் உப்புதானே? பாத்திரத்துப் பிசுக்கை சோப்பு எடுப்பதுபோல, இது உயிரணுவின் சவ்வையே குலைத்துவிடும்.

ஆகவே அதைப் பொத்திக் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். அதுதான் கொழுப்பமிலம் பிணைக்கும் புரதம். ஏறத்தாழ 130 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். மூடி போட்ட பீப்பாய் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றில் கொழுப்பமிலம் உட்காரும். இந்தக் குடும்பத்தில் கல்லீரலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று என்று பலர். இவர்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். நாம் பேசப்போவது கொழுப்பணுவில் இருக்கும் நான்காம் எண்காரரைப் பற்றி. கொழுப்பணுவின் கரையும் புரதங்களில் சுமார் நூற்றில் ஒரு பங்கு இவரே. சுண்டெலியில் இவருடைய மரபணு மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது.

இந்த மரபணுவை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கொழுப்பைச் சுமக்க ஆளில்லை, எலி இளைத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1996-இல் கோகான் ஹோத்தாமிஷ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மேனும் உடன் உழைத்தவர்களும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட முடிவு வேறு. கொழுப்பு மிகுந்த தீனி போட்டபோது, மரபணு இல்லாத எலிகளும் பருத்தன. மரபணு உள்ள எலிகளும் பருத்தன. ஆனால் மரபணு உள்ளவற்றில்தான் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினின் சொல்லை உடம்பு சரியாகக் கேளாத நிலை, வந்தது. மற்றவற்றில் வரவில்லை. மறுபடி சொல்கிறேன், இது முக்கியம்: உடம்பு பருத்தது, சர்க்கரைக் கணக்கு கெடவில்லை. பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் பிரிக்க முடியாத இரட்டையர் என்ற எண்ணம் அங்கே ஆட்டம் கண்டது.

எலியின் சர்க்கரைக் கணக்கை எப்படி அளக்கிறார்கள் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தவறு நுழைவது இங்கேதான். உங்கள் வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டர் போன்ற கருவியேதான். எலியை ஐந்தாறு மணி நேரம் பட்டினி போட்டு, வால் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள். பிறகு வயிற்றறைக்குள் குளுக்கோஸ் ஊசி. அதன்பின் 15, 30, 60, 90, 120 நிமிடங்களில் மறுபடி ஒவ்வொரு சொட்டு. இரவு முழுக்கப் பட்டினி போடுவதும் உண்டு. ஆனால் எலி இரவில்தான் அதிகம் தின்னும் பிராணி. நமக்கு இராப்பட்டினி தூக்கத்தோடு போய்விடும், அதற்கோ அது கடும் பட்டினி. கல்லீரலின் சர்க்கரை இருப்பு பெரும்பாலும் தீர்ந்துபோகும். கையில் பிடித்துப் பழக்காத எலி என்றால் பயத்திலேயே சர்க்கரை ஏறும்.

ஊசியின் அளவு இன்னொரு பொறி. கிலோவுக்கு 2 கிராம் என்று வைத்தால், 25 கிராம் எலிக்கு 50 மில்லிகிராம் குளுக்கோஸ். 50 கிராம் குண்டெலிக்கு 100 மில்லிகிராம். கூடிய எடையோ பெரும்பாலும் கொழுப்பு. ஊசி போட்ட குளுக்கோஸில் அது எடுத்துக்கொள்வது கொஞ்சம், தசைதான் பெரும்பங்கை வாங்கும். ஆகவே, நோயே இல்லாவிட்டாலும் குண்டெலியின் எண் கூடுதலாகத் தெரியும். 1996 சோதனையின் பலம் இதில்தான்: ஒப்பிட்ட இரு கூட்டமும் பருத்தவை. ஒல்லி எலியைக் குண்டெலியோடு ஒப்பிட்டிருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. அதேபோல ஒப்பீட்டு எலிகள் உடன்பிறந்தவையாக இருக்க வேண்டும். தீனியும் கொழுப்பளவில் மட்டுமே வேறுபட வேண்டும். ஒரு கூட்டத்துக்குப் பன்றிக் கொழுப்புத் தீனி, இன்னொன்றுக்குச் சாதாரணத் தானியத் தீனி என்றால், நார்ச்சத்து முதல் எல்லாமே மாறிவிடும்.

அடுத்தது, போன ஆளுக்குப் பதில் ஆள். நான்காமவரை எடுத்ததும், கொழுப்பணுவில் இயல்பாக மிகக் குறைவாக இருக்கும் ஐந்தாமவர் பெருகி அந்த இடத்தை ஓரளவு நிரப்பிவிட்டார். ஒரு மரபணுவை நீக்கியதும் ‘பெரிய மாற்றமில்லை’ என்று தெரிந்தால், அது வேலையற்றது என்று முடிவு கட்டக்கூடாது. அந்த வேலையை யார் ஏற்றார் என்று பார்க்க வேண்டும். 2005-இல் இருவரையும் சேர்த்து நீக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகள் கொழுப்புத் தீனியிலும் அவ்வளவு பருக்கவில்லை, கல்லீரலில் கொழுப்பு படிவதும் வெகுவாகக் குறைந்தது. ஒருவரை நீக்கியபோது காணாத விளைவு இது.

கிருமிகளையும் கழிவுகளையும் விழுங்கும் தின்னுயிரணுக்களிலும் இந்த நான்காம் புரதம் இருக்கிறது. மாரடைப்புக்கு வழிவகுக்கும் தமனித் தடிப்பு எளிதில் வரும் எலிகளில் இந்த மரபணுவை நீக்கியபோது, தடிப்பும் குறைந்தது. கொழுப்பணு இதை வெளியே சுரக்கிறது, அது கல்லீரலுக்குச் செய்தியாகப் போகிறது என்று 2013-இல் தெரிந்ததையும் விரித்துச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது.

மனிதரைப் பற்றி ஒரு வரி மட்டும். இதே மரபணு நமக்கு எட்டாம் குரோமோசோமில் உள்ளது. அதை இயக்கும் பகுதியில் ஓர் எழுத்து மாறியவர்களிடம் இந்தப் புரதம் குறைவாகவே உருவாகிறது. அவர்களுக்கு இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைவு, நீரிழிவு, இதயநோய் அபாயமும் குறைவு என்று 2006-இல் கண்டார்கள். அடுத்த ஆண்டே, இந்தப் புரதத்தின் வயிற்றை அடைக்கும் ஒரு மருந்துப் பொருளை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்து, சர்க்கரையும் தமனித் தடிப்பும் குறைவதைக் காட்டினார்கள்.

நன்றி, வணக்கம்.