ரிகொலெட்டோ: மூணாவது அங்கத்தை எப்படிக் கேக்கணும்?

வணக்கம் மக்களே! இன்னைக்கு இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியோட ‘ரிகொலெட்டோ’ங்கற ஓபரா (முழுக்கப் பாட்டாவே நடக்கற நாடகம்), அதுவும் மூணாவது அங்கம் மட்டும். அரை மணி நேரம்தான், ஆனா அவ்வளவு விஷயம் இருக்கு.

மூலக்கதை விக்டர் ஹ்யூகோவோட பிரெஞ்சு நாடகம். 1832ல பாரிஸ்ல ஒரே ஒரு தடவை மேடையேறுச்சு, உடனே தடை. பிரான்ஸ் ராஜாவையே பெண்பித்தனா காட்டினா விடுவாங்களா? வெர்டியோட ஓபரா மேடையேற வேண்டிய வெனிஸ்லயும் ஆஸ்திரியத் தணிக்கை. அதனால ராஜா, இத்தாலியில இருக்கற மாந்துவாவோட பிரபுவா மாறினாரு. ஆனா கூன் விழுந்த அரண்மனை விதூஷகனும் (அவன்தான் ரிகொலெட்டோ), கடைசியில பிணத்தோட வர்ற சாக்கும் இருந்தே ஆகணும்னு வெர்டி பிடிவாதமா நின்னாரு. 1851 மார்ச் 11, லா ஃபெனிச்சே அரங்கத்துல அரங்கேற்றம்.

இப்ப மேடையைப் பாருங்க. ஆத்தோரமா இடிஞ்ச சத்திரம். உள்ள பிரபுவும் சத்திரத்துப் பொண்ணு மத்தலேனாவும், வெளிய அதை ஒளிஞ்சு பார்க்கற ரிகொலெட்டோவும், பிரபுவைக் காதலிக்கற அவன் மகள் ஜில்டாவும். நாலு பேரும் ஒரே நேரத்துல பாடுவாங்க. பிரபு நீளமா இழுத்துக் கொஞ்சுவான், மத்தலேனா பொடிப்பொடி சுரத்துல சிரிப்பா, ஜில்டா வரி விட்டுவிட்டு விம்முவா. டெனார், அதாவது பிரபுவாப் பாடற உச்சக்குரல் பாடகர், கைதட்டலுக்காகக் கத்திட்டா அந்த விம்மல் மொத்தமும் அமுங்கிடும். கேக்கறதுக்குப் பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது முதல்ல இதைத்தான் பார்க்கணும்.

அடுத்து புயல். காத்து சத்தத்துக்கு மெஷின் இல்லை; மேடைக்குப் பின்னால ஆண்கள் கோரஸ் வாயை மூடிக்கிட்டு முனகும். மின்னலுக்குப் புல்லாங்குழல். கோரஸ் ரொம்பக் கிட்ட நின்னா மனுஷக் குரல்னு தெரிஞ்சு மாயம் போயிடும்.

பிரபு பாடற ‘லா டோன்னா எ மோபிலே’ வெறும் ஹிட் பாட்டுன்னு பலர் நினைக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்லை. அங்கத்துக்குள்ள மூணு இடத்துல வரும்: முதல்ல முழுசா, அப்புறம் பிரபு தூக்கக் கலக்கத்துல முணுமுணுத்துப் பாதியில நிறுத்துவான், கடைசியா தூரத்துல. பிரபுவைக் கொல்லக் கூலி கொடுத்துட்டு, உள்ள இருக்கறது அவன் பிணம்னு நம்பி சாக்கை ஆத்துல தள்ளப்போற ரிகொலெட்டோவுக்கு, அவன் உயிரோட இருக்கான்னு சொல்றதே அந்தப் பாட்டுதான். ரெண்டு வரி காதுல விழுந்ததுமே நமக்கும் பிடிபடணும். மெட்டு அவ்வளவு சுலபமா இருக்கறது அதுக்குத்தான்.

அந்த இடத்துல பாரிடோன், அதாவது ரிகொலெட்டோவாப் பாடற நடுக்குரல் பாடகர், அவசரப்பட்டு சாக்கைக் கிழிச்சிடக் கூடாது. பிரமையோன்னு தயங்கணும், குரல் தேயணும், அப்புறம்தான் கத்தி. உள்ள கிடக்கற ஜில்டாவோட முகம் தெரியறது மின்னல் வெளிச்சத்துல. மேடை விளக்கை முன்னாடியே கூட்டி வெச்ச தயாரிப்புகள்ல இந்த நொடி வீணாப் போயிடுது. பதிவு தேடும்போது, இந்த இடத்துல மேடை இருட்டா இருக்கறதா பார்த்து எடுங்க.