சந்தேகமும் விளக்கமும்: தாத்தா தேறிய மாளிகை எது?

மான்செஸ்டரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார், இந்த வாரம் வந்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். அவருடைய மாமனாரின் தாத்தா முதல் உலகப் போரில் காயம்பட்டு, இங்கிலாந்தில் ஏதோ ஒரு பிரபு வீட்டு மாளிகையில் தங்கித் தேறியிருக்கிறார். வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு குரூப் போட்டோ. ராணுவக் கோப்புகளில் தேடினால் பெயரே வரவில்லை, இதற்கு மேல் வழியில்லையா என்கிறார்.

இருக்கிறது. கோப்பு கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டுதான். சாதாரண சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கும் மேல் அந்தத் தீயில் போய்விட்டன. அதனால்தான் ஒவ்வொரு வீடியோவிலும் சொல்கிறேன்: ஆளைத் தேடாதீர்கள், வீட்டைத் தேடுங்கள்.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். எல்லோரும் வெளிறிய கோட்டும் கறுப்பு டையும் போட்டிருக்கிறார்களே, அந்தக் கோட்டு உண்மையில் நீலம், டை சிவப்பு. அந்தக் காலத்துப் படங்களில் நீலம் வெளுத்துப்போகும், சிவப்பு கறுத்துவிடும். அது சிகிச்சையில் இருந்த சிப்பாய்களுக்குக் கொடுத்த உடுப்பு, அதிகாரிகளுக்குக் கிடையாது. அப்புறம், படத்தின் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள், ஊர் பிடிபட்டுவிடும். அவருடைய சொந்த ஊரைச் சுற்றியே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ரயிலில் வந்து இறங்கியவர்களைப் படுக்கை காலியாக இருந்த இடத்துக்குத்தான் அனுப்பினார்கள். இப்படி மாளிகைகளிலும் மற்ற கட்டடங்களிலும் போருக்காகத் திறந்த துணை மருத்துவமனைகள் பிரிட்டனில் 3,000-க்கும் மேல் இருந்தன, மாவட்டவாரியான பட்டியலே செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே டன்ஹாம் மாஸி மாளிகை இருக்கிறது, ஒருமுறை மாமனாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள். 1917 ஏப்ரலிலிருந்து 1919 தொடக்கம் வரை அது மருத்துவமனை. பெரிய மாடிப்படியின் அடியில்தான் அறுவைச் சிகிச்சை நடந்தது, யோசித்துப் பாருங்கள். அங்கே 282 வீரர்கள் தங்கியது இன்றைக்குத் தெரிகிறது என்றால், அந்த வீட்டுக்காரர்கள் காகிதங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான். மறுபடியும் அதேதான், வீட்டைத் தேடுங்கள்.

ஆனால் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: போட்டோவில் அவருக்குப் பின்னால் நிற்கும் பெண்கள் யார்? பெரும்பாலும் அக்கம்பக்கத்திலிருந்து சம்பளம் வாங்காமல் வந்த தொண்டர்கள். அவர்களுடைய செஞ்சிலுவை அட்டைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர், முகவரி, எந்த மருத்துவமனை, எத்தனை மணிநேரம் வேலை, பல அட்டைகளில் எல்லாமே இருக்கும். இவர்களில் பலர் ஆட்டோகிராப் நோட்டு வைத்திருந்தார்கள், அதில் நோயாளிகள் தங்கள் பெயர், படைப்பிரிவு, காயம்பட்ட இடம் என்று எழுதி, படமும் வரைந்து கொடுப்பார்கள். அப்படிப்பட்ட நோட்டுகள் இன்று மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. தாத்தாவின் கோப்பை ராணுவத்தால் காப்பாற்ற முடியாமல் போயிருந்தாலும், அவருடைய கையெழுத்தை ஒரு நர்ஸ் காப்பாற்றி வைத்திருக்கலாம். வீடு எதுவென்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், அங்கே வேலை செய்த பெண்களின் அட்டைகளை நானும் உங்களோடு சேர்ந்து தேடுகிறேன்.