கூட்டாளியிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கூட்டாகத் தொழில் தொடங்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இதில் எவ்வளவு பணம் போனால் உங்களால் தாங்க முடியும்?" என்பதைத்தான். என்னைப் போன்ற கணக்குத் தணிக்கையாளரிடம் ஒப்பந்தப் பத்திரம் எழுத வருபவர்கள் இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பதில்லை. நல்ல நாள் குறித்திருப்பார்கள், நிறுவனத்துக்குப் பெயர் வைத்திருப்பார்கள், சிலர் இருவர் ஜாதகத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டே வருவார்கள். லாபத்தில் ஆளுக்கு எவ்வளவு என்பதும் முடிவாகியிருக்கும். நட்டம் என்று சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "அதெல்லாம் எங்களுக்குள் வராது சார், பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம்" என்பார்கள்.

பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூட நண்பருக்கு வெளியில் எவ்வளவு கடன் இருக்கிறது, அவருடைய வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கிறதா வங்கியில் இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று விட்டுவிடுகிறோம். நான் பார்த்தவரை, கூட்டு உடைவதற்குக் குணம் ஒத்துப்போகாதது பெரிய காரணமாக இருப்பதில்லை. ஒருவருடைய கடன் நிலைமை மற்றவருக்குத் தெரியாமல் போனதுதான் பெரும்பாலும் காரணம்.

உலகறிந்த ஒரு கூட்டைச் சொல்கிறேன். 1976 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியாவில் மூன்று பேர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வயது 21, ஸ்டீவ் வோஸ்னியாக்குக்கு 25. மூன்றாமவர் ரொனால்ட் வேன், வயது 41. நிறுவனத்தின் பெயர் ஆப்பிள். இளைஞர்கள் இருவருக்கும் ஆளுக்கு 45 சதவீதம், வேனுக்கு 10. இருவருக்குள் இழுபறி வந்தால் ஒரு பக்கம் சாய்த்து முடித்துவைக்க மூத்தவர் ஒருவர் வேண்டும் என்றே அவரைச் சேர்த்தார்கள். ஒப்பந்தத்தை எழுதியவரும் அவர்தான். அதே ஏப்ரல் 12-ஆம் தேதி அவர் விலகிக்கொண்டார். தம் பங்குக்கு 800 டாலர் வாங்கினார். பின்னால் எந்த உரிமையும் கோரமாட்டேன் என்பதற்காக இன்னொரு 1,500 டாலர் வந்தது.

இந்தக் கதையைச் சொல்லும் எல்லாரும் அந்த 10 சதவீதம் இன்று எத்தனை லட்சம் கோடி என்று பெருக்கிக் காட்டி, அவருக்காக உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் இருந்த இடத்தில் நின்று பாருங்கள். ஒரு கணினிக் கடை, ஒன்று 500 டாலர் விலையில் 50 கணினிகள் கேட்டிருந்தது. அதற்கான பாகங்களை ஜாப்ஸ் 30 நாள் தவணைக் கடனில் எடுத்தார். அந்தக் கடை ஒழுங்காகப் பணம் தராது என்று வேன் கேள்விப்பட்டிருந்தார். கடை கைவிரித்தால் கடன் கொடுத்தவர்கள் யாரைத் தேடி வருவார்கள்? அந்த இளைஞர்களிடம் பறிமுதல் செய்யக்கூடிய சொத்து எதுவும் இல்லை. சொத்து இருந்தது வேனிடம் மட்டும்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சொந்தத் தொழிலில் நொடித்து, கடனை அடைத்து மீண்டவர் வேறு. மூவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்பு இருந்தது. செய்யப்போகும் பொருளிலும் கருத்து வேறுபாடு இல்லை. கடனைத் தாங்கும் நிலைமைதான் ஒத்துவரவில்லை. அதைப் பன்னிரண்டே நாளில் புரிந்துகொண்டு ஒதுங்கியவரை நான் விவரமானவர் என்றே சொல்வேன்.

நம் நாட்டில் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டமும் இதில் கண்டிப்பானது. நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரர்கள் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. உங்களுக்கு 10 சதவீதப் பங்குதான் என்றாலும் கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். தொழிலின் வழக்கமான போக்கில் ஒரு பங்குதாரர் செய்வது எல்லாரையும் கட்டும். நீங்கள் குடும்பத்தோடு பழனிக்குப் போயிருக்கும்போது அவர் நிறுவனத்தின் பெயரில் பத்து லட்சத்துக்கு நூல் வாங்கினால், அந்தப் பாக்கி உங்களுடையதும்தான். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்.எல்.பி.யாக, அதாவது பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மையாக, பதிவு செய்தால் இந்தச் சுமை குறையும். இருந்தாலும் வங்கி கடன் கொடுக்கும்போது பங்குதாரர்களிடம் சொந்த ஜாமீன் கேட்பது வழக்கமாக இருக்கிறது.

ஒருவர் முதல் போடுவார், இன்னொருவர் உழைப்பார்: நம் ஊர்களில் அதிகம் காணும் ஏற்பாடு இது. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், உழைப்பவர் தனியாகச் சம்பளம் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. லாபமும் சமமாகத்தான் பிரியும். இரண்டாம் ஆண்டில் உழைப்பவருக்குத் தோன்றும், எல்லாம் நான்தானே செய்கிறேன் என்று. முதல் போட்டவருக்கோ, என் பணம் இல்லாமல் இது ஏது என்று தோன்றும். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் பஞ்சாயத்து முடிவதே இல்லை. எனவே தொடங்குமுன்பே கேளுங்கள்: "மாதம் வீட்டுக்கு எவ்வளவு எடுத்தாக வேண்டும்? ஒன்றும் எடுக்காமல் எத்தனை மாதம் ஓட்ட முடியும்?" மனைவிக்கோ கணவருக்கோ நிரந்தரச் சம்பளம் வரும் வீட்டுக்காரர் மூன்று வருடம் பொறுப்பார். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுபவர் ஆறாம் மாதமே பணத்தை வெளியே எடுக்கப் பார்ப்பார். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

கேள்விக்கு வாயால் வரும் பதில் மட்டும் போதாது. 2010-இல் சென்னையில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் அதற்கு முன்பே ஜோஹோ என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அந்த வாய்ப்பு இல்லாதவர்கள் பத்திரம் எழுதுமுன் ஒரு சின்ன ஆர்டரையோ ஒரு கண்காட்சிக் கடையையோ சேர்ந்து நடத்திப் பாருங்கள். சரக்கு திரும்பி வந்த செய்தியை அவர் அன்றே சொல்கிறாரா, மூன்று நாள் கழித்துச் சொல்கிறாரா? பணம் தர வேண்டிய ஆளின் தொலைபேசி அழைப்பை எடுக்கிறாரா? டீச் செலவுக்குக் கணக்கு எழுதுகிறாரா? கோபக்காரரோடு காலம் தள்ளிவிடலாம். கெட்ட செய்தியை மறைப்பவரோடு முடியாது என்பது என் கருத்து.

தொழிலை எதுவரை கொண்டுபோவது என்பதும் ஒத்துவர வேண்டும். 1981-இல் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய இன்ஃபோசிஸை 1990-இல் பத்து லட்சம் டாலருக்கு ஒருவர் விலைக்குக் கேட்டார். விற்றுவிடலாம் என்றே நாராயண மூர்த்தியைத் தவிர மற்ற கூட்டாளிகள் நினைத்தார்கள். விற்க விருப்பமுள்ளவர்களின் பங்கைத் தாமே வாங்கிக்கொள்வதாக மூர்த்தி சொன்னார். அப்போது அவர் கையில் பணமே இல்லை. பிறகுதான் எல்லாரும் சேர்ந்து தொடர்வது என்று முடிவானது. ஒன்பது ஆண்டு கூடவே உழைத்தவர்களுக்குள்ளேயே இந்தக் கேள்வி திறந்து கிடந்திருக்கிறது.

ஆகவே இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து, பேசிவைத்துக்கொள்ளாமல், பதில்களைக் காகிதத்தில் எழுதுங்கள். எவ்வளவு இழக்கலாம், மாதம் எவ்வளவு எடுப்போம், எந்தத் தொகைக்கு மேல் இருவர் கையெழுத்தும் வேண்டும், நல்ல விலை வந்தால் விற்போமா. ஒருவர் விலகினால் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது, நிறுவனத்தின் பெயர் யாருக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வரியை எழுத மறுப்பவர்கள் உண்டு, அபசகுனம் என்பார்கள். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவரிடமும் காட்டுங்கள். வங்கியில் அடமானம் வைக்கப்போகும் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கலாம்.

நன்றி, வணக்கம்.